இருபத்து மூன்று ஆச்சு

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சிறு விமானம் ஓட்டுகிறவர்களுக்காக நீங்கள் நடத்தும் மாதப் பத்திரிகையைப் பதினோரு வருடமாக வாங்கியவருடைய மனைவி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டில் உள்ளவர்களும் அச்சு வேலை பார்ப்பவர்களும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுத வந்தேன், பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஆகையால் அதைத் தாண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் நாலாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். வரி கோணலாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். வந்து கிடந்த தபாலை எல்லாம் பிரிக்க மனசில்லாமல் மேஜை மேல் குவித்து வைத்திருந்தேன். முந்தாநாள்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அதில் உங்கள் பத்திரிகையும் இருந்தது. நேராக 'இந்த மாத விபத்து' பக்கத்துக்குப் போனேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகை அந்தப் பக்கத்தில்தான் திறக்கும். அங்கே எங்கள் வீட்டுக்காரர் இருந்தார். இவ்வளவு சீக்கிரம் போட்டுவிட்டீர்கள், அந்தச் சுறுசுறுப்பை நான் குறை சொல்லமாட்டேன். போட்ட விதத்தைத்தான் சொல்கிறேன். நீங்கள் போட்டதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கீழே எழுதுகிறேன்.

"சொந்தமாகக் கட்டிய ஒற்றை இருக்கை விமானம். விமானி ஆண், வயது 61, அனுபவம் நானூறு மணி நேரம். மாலையில் கிளம்பிய சிறிது நேரத்தில் எஞ்சின் நின்றது. பெட்ரோல் திருகு மூடியிருந்தது. நேராக இறங்காமல் ஓடுதளத்துக்குத் திரும்ப முயன்றதில் ஒருபக்கம் சரிந்து குளக்கரையில் விழுந்தது. விமானி இறந்தார். காரணம்: விமானியின் தவறு."

ஐயா, அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று என்று எழுதியதை அவர் பார்த்திருந்தால் உங்கள் அலுவலகத்துக்கே வந்து பிறந்த தேதிச் சான்றிதழை மேஜையில் வைத்திருப்பார். அனுபவம் நானூறு மணி இல்லை, நூற்றுப் பன்னிரண்டு, அவர் கையால் எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. அதற்கு மட்டும் சண்டை போட்டிருக்க மாட்டார், ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருப்பார். நடந்தது மாலையில் இல்லை, காலை ஏழு இருபதுக்கு. விழுந்தது குளக்கரையில் இல்லை, விமானம் ஏறி இறங்குகிற மைதானத்தை ஒட்டிய மரக்கடை வேலி மேல். அந்த வட்டாரத்தில் கால் நனைக்கக்கூடத் தண்ணீர் கிடையாது. பெயரைப் போடாமல் விடுவது செத்தவருக்கு நீங்கள் செய்கிற மரியாதை என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்காக ஆளே தெரியாதபடி வயதையும் நேரத்தையும் கூடவா மாற்றிப் போடுவீர்கள். சின்னதாக ஒரு செய்தி, அதற்குள் நாலு தவறு. நாலும் பத்திரிகையின் தவறு. கடைசி வரியில் மட்டும் விமானியின் தவறு.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதை நீங்கள் திருத்திப் போட வேண்டும். ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும், ஏனென்றால் அந்தப் பக்கத்தை எழுதுகிறவர் நீங்கள், அதைச் சாப்பாட்டு மேஜையில் கேட்டவள் நான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டோடு அந்தப் பக்கமும் உண்டு. அவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சத்தமாக வாசிப்பார். எஞ்சின் நிற்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்.

"இப்போ என்ன பண்ணணும்?"

"நேரா இறங்கணும்."

"திரும்பலாமா?"

"திரும்பக் கூடாது. திரும்பினா வேகம் செத்து விழுந்துடும்."

"பாரு, நாலாவது படிச்ச உனக்குத் தெரியுது. இந்த மடையனுக்குத் தெரியல, திரும்பியிருக்கான்."

இப்படி மாதம் ஒரு மடையன். பெட்ரோல் பார்க்காமல் ஏறிய மடையன், மேகத்துக்குள் போய் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போன மடையன், பெல்ட் போடாத மடையன். சில சமயம் எனக்குப் பாவமாக இருக்கும். "அந்த ஆளுக்கும் வீட்ல யாராவது இருப்பாங்கள்ல" என்பேன். "இருந்தா சொல்லி அனுப்பியிருக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த ரொட்டியை எடுப்பார். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை எத்தனை வீட்டில் எத்தனை பேர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரரை வாசிப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள் ஐயா. அவர் மடையன் இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடம் மற்றவர்கள் மேலே போகவும் கீழே வரவும் பாடுபட்டவர். ஒரு கம்பி, ஒரு பிரேக், ஒரு திருகாணி விடாமல் தொட்டுப் பார்க்கிற ஆள், அவர் பார்த்த லிஃப்டில் ஒருத்தருக்கும் ஒரு சிராய்ப்பு வந்ததில்லை. கம்பி இல்லாமல் மேலே போக வேண்டும் என்று அவருக்கு எப்போது தோன்றியதோ தெரியாது. ஒரு நாள் விமானச் சாமான் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. நாலு வருடம் கட்டினார். மைதானத்தில் கொட்டகை வாடகைக்குப் பிடிக்கிறவரைக்கும் இடது இறக்கை எங்கள் கூடத்தில்தான் படுத்திருந்தது. வருகிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் குனிந்துதான் வருவார்கள், பார்க்கிறவர்களுக்கு ரொம்ப மரியாதைப்பட்ட குடும்பம் மாதிரி இருக்கும். மகள் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தாள். ஒரு மழை நாளில் அதன் மேல் நான் ரெண்டு போர்வையைக் காயப்போட்டதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. முழு விமானத்தையும் தூக்கி இறக்குகிற பாராசூட் இப்போது வருகிறதாமே, அதை வாங்கி மாட்டச் சொல்லி மகள் கெஞ்சினாள். "அந்த எடைக்கு இன்னும் அரை மணி நேரத்துக்குப் பெட்ரோல் கொண்டுபோலாம்" என்றார். பெட்ரோல் கொண்டுபோனார். அது எஞ்சினுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

இனிமேல் எழுதுவதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதை எல்லாம் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார், இருபத்து மூன்று. அதை நான் விமானத்துக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டும், அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அது அவரே கண்டுபிடித்த முறை, லிஃப்ட் வேலையில் ரெண்டு பேராகச் செய்து பழகியவர். எனக்கோ எழுத்துக் கூட்டித்தான் வரும். "இ, ற, க், கை... இறக்கை... ஆ, ணி" என்று நான் முடிப்பதற்குள் பின்னால் ரெண்டு விமானம் வரிசையில் நிற்கும். "நீ வாசிச்சு முடிக்கறதுக்குள்ள காத்து திசை மாறிடும்மா" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிச் சொல்லி இருபத்து மூன்றையும் மனப்பாடம் பண்ணிவிட்டேன். அடுத்த ஞாயிறு அட்டையை எடுக்காமலே சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத பரிசு அங்கே கிடைத்த மாதிரி இருந்தது. மைதானத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்குத்தான் நான் கெடுத்தது.

அதற்குப் பிறகு வேகம் கூடிப்போயிற்று. நான் "பிரே" என்பதற்குள் அவர் "ஆச்சு" என்பார். நான் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே சொல்வேன், அவர் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே சொல்வார். கொஞ்ச நாளில் அதற்கு விமானத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஆகிவிட்டது. மைதானத்துக்குப் போகிற வழியில், காரிலேயே சொல்லி முடித்துவிடுவோம். ஆமாம் ஐயா, காரிலே. விமானம் கொட்டகையில் இருக்கும், நாங்கள் சிக்னலில் நிற்போம், நான் "இறக்கை ஆணி" என்பேன், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "ஆச்சு" என்பார். பால்காரன் வண்டி குறுக்கே வந்தால் அவனைத் திட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவோம். அங்கே போய் இறங்கியதும் மறுபடி எதற்கு, அதுதான் ஆச்சே. ரெண்டு பேருக்கும் அது தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ரெண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் வாய் காரில் சொன்னாலும் அவர் கை அங்கே போய்ச் செய்துவிடும். சீட்டில் உட்கார்ந்ததும் அவர் இடது கை தானாகப் போய், எஞ்சினுக்குப் பெட்ரோல் விடுகிற திருகைத் திறக்கும். அதுவும் மற்றவர்கள் மாதிரி அவர் திருகைத் திறந்தபடி விட்டுவிட்டு வருகிறவர் இல்லை. கொட்டகையில் பெட்ரோல் கசிந்தால் ஆபத்து என்று ஒவ்வொரு தடவையும் மூடிவிட்டுத்தான் வருவார். அஜாக்கிரதையாக இருந்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார்.

அன்றைக்குக் காரில் பதினொன்றாவதாக "பெட்ரோல் திருகு" என்றேன். "ஆச்சு" என்றார். அப்போது நாங்கள் பெட்ரோல் பங்கைத் தாண்டிக்கொண்டிருந்தோம், நன்றாக ஞாபகம் இருக்கிறது. மைதானத்தில், எங்களோடு அங்கே பறக்க வருகிற பல் டாக்டர் ஒருவர் அவருடைய புது மெஷினோடு நின்றார். உங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்களே, எட்டு காற்றாடி வைத்து, இறக்கை இல்லாமல், பேட்டரியில் பறப்பது, அது. அதற்குள்ளே கம்ப்யூட்டர் குரலில் ஒரு அம்மா பேசுகிறாள். டாக்டர் பெல்ட்டின் கொக்கி சரியாக விழவில்லை போல, "பெல்ட்டைப் பூட்டவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், கிளம்பமாட்டேன் என்கிறாள். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு.

"என்ன டாக்டர், வீட்ல ஒரு அம்மா போதாதுன்னு இங்க ஒரு அம்மாவா?"

"வீட்ல சொல்றத கேக்காம தப்பிச்சிடலாம் சார். இது தரையிலேயே உக்கார வச்சிடுது."

"அதான் சொல்றேன், இது விமானமே இல்ல. பட்டனை அமுக்குனா மேல போகுது, பட்டனை அமுக்குனா கீழ வருது. நான் முப்பது வருஷம் இதுக்குள்ளதான் இருந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், ஆனால் கொக்கியை மறுபடி கழற்றிப் பூட்டினார். எங்கள் வீட்டுக்காரர் அந்தச் சிரிப்போடு வந்து எங்கள் விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் டீயை நீட்டினேன். இடது பக்கமாக நின்றிருந்தேன், ஆகையால் இடது கையில் வாங்கினார். ரெண்டு வாய் குடித்தார். "சர்க்கரை தூக்கலா இருக்கே" என்றார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கை திருகுக்குப் போகவேண்டிய நேரம் என் கோப்பையோடு போய்விட்டது. பிறகு அது அடுத்த வேலைக்குப் போயிற்று. குழாயில் மிச்சம் இருந்த பெட்ரோலில் எஞ்சின் அழகாகக் கிளம்பியது, ஓடியது, ஏறியது. நான் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். சத்தம் நின்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

அவருக்கு முன்னால் அறுவடை முடிந்த வெறும் வயல், ஓடுதளம் மாதிரியே நீளமாக. நேராக இறங்கியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கே தெரியும், அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் உங்களுக்கு அவரைத் தெரியாது ஐயா. கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டைவிட்டுக் கிளம்பினால் ஒரு தடவையாவது திரும்பி வராமல் போனது கிடையாது. தெருமுனை வரைக்கும் போய்விட்டு, மூக்குக்கண்ணாடி என்று வருவார், சாவி என்று வருவார், குடை என்று வருவார், நான் வாசலிலேயே எடுத்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். திரும்பினார். எதை மறந்தோம் என்று அவருக்கு மேலே போன பிறகு தெரிந்ததா, தெரியவில்லையா, அது எனக்குத் தெரியாது. அதைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கிளம்பறதுக்கு முன்னாடி பட்டியல் வாசிச்சீங்களாம்மா?"

"வாசிச்சோம்."

"இருபத்து மூணுமா?"

"இருபத்து மூணும்."

"பெட்ரோல் திருகுக்கு என்ன சொன்னாரு?"

"ஆச்சுன்னாரு."

எழுதிக்கொண்டார். எங்கே வைத்து வாசித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. டீயைப் பற்றியும் கேட்கவில்லை. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு உண்மையும் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று, "விமானியின் தவறுன்னுதாம்மா வரும். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் பாதிப் பழியாவது அவர் தலையிலிருந்து இறங்கியிருக்கும். தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

பல் டாக்டருடைய மெஷினில் இருக்கிற அம்மாவை எனக்குப் பிடிக்காது, அவள் குரலும் பிடிக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் சொல்லவும் செய்கிறாள், சொன்னது ஆச்சா என்று பார்க்கவும் செய்கிறாள். நான் சொன்னதோடு சரி. இனிமேல் வருகிற மெஷின் எல்லாம் அப்படித்தான் வருமாம், விமானியே தவறு செய்ய முடியாதாம். மகள் சொல்கிறாள். வரட்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு அதில் ஏறப் பிடித்திருக்காது.

ஆகையால் ஐயா, அடுத்த மாதம் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். வயது, நேரம், இடம், மணிக்கணக்கு இந்த நாலையும் சரி செய்துவிட்டு, கடைசியில் விமானியின் தவறு என்பதை எடுத்துவிட்டு, கீழே நின்ற மனைவி பட்டியலைக் காரிலேயே ஒப்பித்துவிட்டாள், பிறகு திருகு திறக்கிற கையில் டீயைக் கொடுத்தாள் என்று போடுங்கள். பெரிதாகப் போட வேண்டாம், அதே அளவு எழுத்தில் போட்டால் போதும். படிப்பவர்கள் திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டட்டும், நான் இருக்கிறேன், காதில் விழும், வாங்கிக்கொள்வேன். அவரால் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இது உங்களால் முடியவில்லை என்றால் அந்தப் பக்கத்தையே நிறுத்திவிடுங்கள். செத்தவர்களைச் சாப்பாட்டு மேஜைக்கு அனுப்ப வேண்டாம்.

உங்கள் பிள்ளைகள் நல்லபடியாக இருக்க வேண்டும், உங்கள் அலுவலகத்தில் ஒருத்தர் பெயரும் அந்தப் பக்கத்தில் வராமல் இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். தவறாக ஏதாவது எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக் வீட்டம்மா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்காக மகளிடம் கொடுத்தேன். உங்கள் முகவரியைப் பார்த்து எழுதப் பத்திரிகை சுற்றி வந்த காகிதத்தைத் தேடி எடுத்தாள். எடுத்தவள் எழுதாமல் அதிலிருந்த தபால் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி" என்றேன். "அம்மா, இது அப்பா இருக்கும்போதே வந்ததும்மா" என்றாள். நானும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். வியாழக்கிழமை வந்திருக்கிறது. அவர் போனது அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. ஆகையால் நீங்கள் போட்டது எங்கள் வீட்டுக்காரர் இல்லை. அறுபத்தொரு வயதில், ஒரு மாலை நேரம், ஒரு குளக்கரையில் விழுந்தவர் வேறு ஒருவர். உங்கள் மேல் நான் சொன்ன நாலு தவறும் தவறே இல்லை. பார்க்காமல் சொல்வதே எனக்கு வேலையாகப் போயிற்று. அந்த வீட்டம்மா உங்களுக்கு எப்போதாவது எழுதினால், முன்பின் தெரியாத ஒருத்தி ரெண்டு நாள் அவர் வீட்டுக்காரருக்காக அழுதாள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பத்திரிகை வந்தால் அவர் உடனே பிரிக்கமாட்டார். விபத்தைப் படித்துவிட்டு ஏறினால் கை நடுங்கும் என்று பறந்துவிட்டு வந்துதான் பிரிப்பார். மூன்று நாள் இது மேஜையில்தான் கிடந்திருக்கிறது. சனிக்கிழமை பிரித்திருந்தால் ரொட்டியைக் கடித்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டியிருப்பார். திருகைத் திறக்காம ஏறியிருக்கான் பாரு மடையன் என்று நன்றாகத் திட்டியிருப்பார். மறுநாள் சீட்டில் உட்கார்ந்ததும் அந்தத் திட்டு ஞாபகம் வந்திருக்கும், டீயை வாங்கியிருக்க மாட்டார்.

அதனால் ஐயா, மேலே எழுதியது ஒன்றையும் போட வேண்டாம். அந்தப் பக்கத்தை நிறுத்தவும் வேண்டாம். எங்கள் வீட்டுக்காரருடையது இனிமேல்தான் உங்களுக்கு வரும். வந்ததும் தள்ளிப்போடாமல் போடுங்கள். விமானியின் தவறு என்றே போடுங்கள். எல்லா வீட்டிலும் வாசித்து மடையன் என்று திட்டட்டும். திட்டிவிட்டு எழுந்துபோய் அவரவர் திருகைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.